இரண்டு ரயில்களுக்கு நடுவே ஒரு மலை

ஸ்காட்லாந்தின் கொரவர் ரயில் நிலையத்தில் என்னோடு இறங்கியவர்கள் மூன்றே பேர். ரயில் போனதும் காதில் காற்று மட்டும்தான். இந்த நிலையத்துக்குப் பொதுச் சாலை கிடையாது. பக்கத்துச் சாலைக்கே 15 கிலோமீட்டர் நடக்கவேண்டும். கிளாஸ்கோவிலிருந்து வடக்கே ரயிலில் மூன்று மணி நேரம். 1894-இல் திறந்த ரயில்பாதை. ரானக் சதுப்பில் தண்டவாளம் போட்டபோது, கொட்டிய மண்ணையெல்லாம் உளைச்சேறு விழுங்கிவிட்டதாம். கடைசியில் புதர்க்கட்டுகளையும் மரவேர்களையும் பரப்பி, மேலே மண்ணும் சாம்பலும் கொட்டி, பாதையை மிதக்கவிட்டிருக்கிறார்கள்.

திரும்பிப்போக சாயங்கால ரயில் ஆறு மணிக்கு மேல். அதை விட்டால், ஏரிக்கரை விடுதியில் இடம் கேட்டுக் கெஞ்சவேண்டியதுதான்.

ஏற வந்த மலை பெயின் ந லாப், 935 மீட்டர். ஸ்காட்லாந்தில் 3000 அடியைத் தாண்டிய மலைகளை 1891-இல் ஹியூ மன்றோ என்பவர் பட்டியல் போட்டார். இன்றைய கணக்கில் 282. அவற்றில் இது சுலபமானது என்பார்கள். நிலையமே 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பாதி வேலையை ரயிலே செய்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில்தான் தனியாகக் கிளம்பினேன்.

லாக் ஆஸியன் ஏரி வரை நல்ல மண்பாதை. அப்புறம் பாதை என்று ஒன்றுமில்லை. புல், சேறு, மறுபடி புல். பச்சையாகத் தெரிந்த ஒரு திட்டில் இடது காலை வைத்தேன், முழங்கால் வரை உள்ளே போனது. இழுத்தபோது ஷூ வர மறுத்தது. மே மாதக் கடைசியிலும் அந்தத் தண்ணீர் ஐஸ்தான்.

மலைமுதுகில் ஏறியதும் காற்று தள்ளியது. மேற்கே பிரிட்டனின் மிக உயரமான மலையான பென் நெவிஸின் உச்சியில் இன்னும் பனித்திட்டுகள். நான் ஏறிய உச்சியில் ஒரு கற்குவியல், பக்கத்திலேயே ஒரு குட்டிக் குளம். ஃபிளாஸ்க்கைத் திறந்து இரண்டு வாய் டீ குடிப்பதற்குள் மேகம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. குளம்கூடத் தெரியவில்லை.

சரி, வந்த வழியே இறங்கலாம் என்று நடந்தேன். சரிவு காலுக்கு இதமாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வரவில்லை. இருபது நிமிடம் கழித்துத் திசைகாட்டியை எடுத்தால், தென்மேற்கே போகவேண்டிய நான் வடமேற்கே போய்க்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் நிலையமும் இல்லை, விடுதியும் இல்லை. வயிற்றைப் பிசைந்தது. இறங்கியதையெல்லாம் மறுபடி ஏறி, மலைமுதுகைப் பிடித்து, ஐம்பது அடிக்கு ஒருமுறை ஊசியைப் பார்த்தபடியே இறங்கினேன். வழியில் நாலைந்து மான்கள் நின்று பார்த்தன. மூடுபனிக்குக் கீழே வந்ததும் ஏரி தெரிந்தது. "அப்பாடா" என்று சத்தமாகவே சொன்னேன், கேட்க யாருமில்லை.

நிலையத்துக்கு வந்தபோது ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம். ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தேன். கறுப்புத் தண்ணீர் கொட்டியது. ரயிலில் எதிர் சீட்டுப் பெரியவர் என் கால்களை மாறிமாறிப் பார்த்தார். வலது கால் சுத்தமாக இருந்தது.