தொலைபேசியில் தொடங்கும் சிகிச்சை

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், மலையோர ஊர் ஒன்றில் மருந்தாளுநராகப் பணிபுரிவதால், ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலிநிவாரணி, போதைப் பொருள்களுக்கு அடிமையானவர்களுக்குத் தொலைமருத்துவம் எவ்வாறு பயன்படுகிறது என்பதை மருந்துக்கடையில் நின்றபடியே பார்க்க முடிகிறது. மருத்துவர் தொலைவில் ஏதோ ஒரு நகரத்தில் இருப்பார். அந்தப் பழக்கத்துக்கான சிகிச்சை மருந்தான புப்ரெனார்பின்–நலோக்சோனுக்கு அவர் மின்வழியில் அனுப்பும் மருந்துச்சீட்டு எங்கள் கணினிக்கு வந்து சேர்ந்த சிறிது நேரத்தில், அவரை ஒருமுறைகூட நேரில் கண்டிராத நோயாளி எங்கள் முன் வந்து நிற்பார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இது சட்டப்படி நடக்கக்கூடியதாக இல்லை. இணையத்தில் வாங்கிய வலிநிவாரணி மாத்திரையால் 2001-இல் உயிரிழந்த ரையன் ஹைட் என்ற பதினெட்டு வயது இளைஞரின் பெயரில் 2008-இல் இயற்றப்பட்ட சட்டம், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை இணையவழியில் எழுதித் தருவதற்கு முன் நோயாளியை ஒருமுறையாவது நேரில் பரிசோதித்திருக்க வேண்டும் என்றது. மாத்திரை விற்கும் போலித் தளங்களைத் தடுக்க அது தேவைதான். ஆனால் அந்த மாத்திரைகளால் விளைந்த அடிமைத்தனத்தைக் குணப்படுத்தவென 2002-இல் ஒப்புதல் பெற்ற புப்ரெனார்பினும் அதே கட்டுக்குள் சிக்கியது. போதாக்குறைக்கு, 2022 டிசம்பர் வரை அதை எழுதித் தர மருத்துவர்கள் தனி அனுமதியும் பெற வேண்டியிருந்தது. ஓபியாய்டு வலிநிவாரணியான ஆக்சிகோடோனை எழுதித் தர அத்தகைய தனி அனுமதி தேவைப்படவில்லை என்பதை இன்றும் என்னால் சீரணிக்க முடியவில்லை.

கோவிட் காலத்தில், 2020 மார்ச்சில், நேரடிப் பரிசோதனை விதி தளர்த்தப்பட்டது. காணொலிகூட வேண்டாம், தொலைபேசிக் குரலே போதும் என்று அனுமதித்ததைத்தான் அதன் மிக முக்கியமான பகுதியாக நான் கருதுகிறேன். இங்குள்ள பள்ளத்தாக்குகளில் இணைய இணைப்பு நம்பத்தக்கதல்ல. பேருந்து வசதி மிகக் குறைவு. ஓட்டுநர் உரிமத்தை இழந்தவர்களும் நோயாளிகளில் உண்டு.

குரலை மட்டும் வைத்துச் சிகிச்சையைத் தொடங்க முடியுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. உடலில் ஓபியாய்டு முழு வீச்சில் இருக்கும்போது புப்ரெனார்பினை எடுத்தால், அது மூளையின் ஏற்பிகளிலிருந்து பழைய மருந்தைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்வதால், ஓபியாய்டு நின்றுபோகும்போது வரும் விலகல் வேதனை திடீரென உச்சத்துக்குப் போய்விடும். ஆகவே கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்பிடிப்பு ஆகியவை தெளிவாகத் தென்படும்வரை காத்திருந்த பிறகே முதல் மருந்தை நாக்கின் அடியில் வைக்க வேண்டும். இந்த அறிகுறிகளில் பெரும்பாலானவற்றை நோயாளியே சொல்லிவிட முடியும். மிக வீரியமான ஓபியாய்டான பெண்டானிலைப் பயன்படுத்தியவர்களுக்குத்தான் சிக்கல். அது கொழுப்பில் தேங்கி மெதுவாக வெளியேறுவதால், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைக் கணிப்பது கடினம். அத்தகையவர்களை மருத்துவர் ஒரே நாளில் பலமுறை அழைத்துப் பேச வேண்டியிருக்கும்.

2025 ஜனவரியில் வெளியான விதி, மாநில மருந்துக் கண்காணிப்புப் பதிவைப் பார்த்த பின் ஆறு மாதங்கள் வரைக்குமான மருந்தைத் தொலைபேசி ஆலோசனையின் பேரில் எழுதித் தர வழிசெய்கிறது. நோயாளியின் அடையாளத்தைச் சரிபார்க்கும் பொறுப்பை எங்களிடம் ஒப்படைக்கிறது. அந்தப் பொறுப்பை நான் வரவேற்கிறேன். எனினும் அதன் அமலாக்கத் தேதி ஒத்திவைக்கப்பட்டபோது, ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள் அச்சத்துடன் கேட்ட கேள்விகளுக்கு எங்களிடம் விடை இருக்கவில்லை.

இவ்வளவு கடந்து வந்த மருந்துச்சீட்டும் கடைசியில் எங்கள் அலமாரியின் முன் நின்றுவிடக்கூடும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை ஒரு கடை வழக்கத்துக்கு மேல் கேட்டால் மொத்த விநியோகஸ்தர்கள் அதைச் சந்தேகத்துக்குரிய கொள்முதலாகக் கொள்வதால், பல கடைகள் புப்ரெனார்பினைக் குறைவாகவே வைத்திருக்கின்றன. தொலைவிலுள்ள மருத்துவரின் சீட்டு என்றாலே மறுப்பவர்களும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை, விலகல் வேதனையோடு வருபவரைத் திங்கட்கிழமை வரச் சொன்னால், அவர் இடையில் பெண்டானிலைத் தேடிப் போவதற்கான வாய்ப்பே அதிகம். புப்ரெனார்பினை அந்தக் கொள்முதல் கணக்கிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.