ஹூஸ்டனில் சமூகச் சுகாதாரப் பணியாளராகச் சான்றிதழ் பெற்ற அனுபவம்

டெக்சஸ் மாநிலத்தில் சமூகச் சுகாதாரப் பணியாளராவதற்கு இரண்டு வழிகள் உண்டு: மாநிலச் சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்ட 160 மணி நேரப் பயிற்சியை முடிக்கலாம், அல்லது ஏற்கெனவே களத்தில் உழைத்ததற்குச் சான்று காட்டலாம். எனக்குக் கள அனுபவம் இல்லாததால் பயிற்சியில் சேர்ந்தேன். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது; இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 20 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

என்னுடன் படித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, எல் சால்வடோர் குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள். சமூகச் சுகாதாரப் பணியாளரைக் குறிக்கும் 'புரொமோதோரா' என்ற ஸ்பானிஷ் சொல்லால் அவர்களுடைய மக்கள் மதித்து அழைப்பவர்கள். பயிற்சியின் களப்பணியாகத் தேவாலயக் கூடத்தில் நாங்கள் நடத்திய இதயநல வகுப்புகளில், என் ஸ்பானிஷ் தட்டுத்தடுமாறியதால், பேசும் பொறுப்பை அவர்களும் இரத்த அழுத்தம் பார்க்கும் பொறுப்பை நானும் ஏற்றோம். அமெரிக்காவின் நான்கு நகரங்களில் 16,000-க்கும் மேற்பட்ட ஹிஸ்பானியரிடம் (ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடம்) நடந்த ஆய்வில், ஆண்களில் 80 சதவீதத்தினருக்கும் பெண்களில் 71 சதவீதத்தினருக்கும் இதயநோய்க்கான ஓர் ஆபத்துக் காரணியாவது இருந்தது என 2012-இல் வெளியானதைச் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குவார்கள். எண்ணைக் கேட்டதும் கணவரைத் திரும்பிப் பார்க்காத மனைவியர் குறைவு.

அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகு சாய்ந்திருக்க, பாதங்கள் தரையில் பதிந்திருக்க, கை இதய மட்டத்தில் இருக்கச் செய்து, பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டும். வந்தவர்கள் ஊர்க்கதை பேசும் ஆர்வத்தில் இருந்ததால் கடைசி நிபந்தனைதான் பெரும்பாடு. அளவு 130/80-ஐ எட்டினால் கவனம் தேவை, ஆனால் ஒரே அளவீட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று கற்றிருந்தோம்.

உணவு வகுப்பில், மக்காச்சோள மாவு ரொட்டியான தோர்தியா, அவரைவகைகள், நம் சப்பாத்திக்கள்ளியின் மடலான நோபால் ஆகியவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. பன்றிக்கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய், சர்க்கரை பானத்துக்குப் பதில் தண்ணீர் என்று மாற்றங்களை மட்டுமே பேசினோம். எல்லோரையும் விழிக்க வைத்தது கோழிச்சாற்றுப் பொடி டப்பாதான். சோற்றிலும் சூப்பிலும் தாராளமாகப் போடப்படும் அதன் உட்பொருள் பட்டியலில் உப்பே முதலிடத்தில் இருந்தது. நாளொன்றுக்கான சோடியம் உச்சவரம்பு 2,300 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்பு என்று அளந்து காட்டியபோது, பொடியும் போட்டு உப்பும் போடுவதாக ஒரு பாட்டி தாமாகவே சொன்னார்.

அளவு கூடியவர்கள் அடுத்துக் கேட்டது மருந்தைப் பற்றி அல்ல, காப்பீடும் குடியேற்ற ஆவணமும் இல்லாமல் மருத்துவரிடம் போக முடியுமா என்பதைத்தான். வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூகச் சுகாதார மையங்களின் முகவரியும் நேரமும் அச்சிட்ட தாளை அங்கேயே கொடுத்தோம். போனார்களா என்று புரொமோதோராக்கள் பிறகு தொலைபேசியில் விசாரித்தார்கள். இந்த விசாரிப்பு இல்லாத வகுப்பு, என் கணிப்பில், பாதி வேலைதான். பயிற்சி மையம் தேடுபவர்கள், இப்படிப்பட்ட களப்பணி பாடத்திட்டத்தில் உண்டா என்று சேருமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.