முடியும் திகதியைப் பார்த்தேன், கொடுத்த திகதியைப் பார்க்கவில்லை

பயணத்துக்கு 6 கிழமை இருக்கும்போது அத்தானோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். ஓகஸ்டில் பிள்ளைகளோடு பிரித்தானியாவிலிருந்து ரயிலிலேயே ஜேர்மனிக்குப் போகிறோம், அங்கே கறுப்புக் காடு என்ற மலைப்பகுதியில் ஒரு கிழமை மலையேறி நடக்கப்போகிறோம் என்று பெருமையாகச் சொன்னேன்.

"தம்பி, பாஸ்போட்டெல்லாம் பாத்தனியே?"

"பாத்திட்டன் அத்தான். ஒருத்தருக்கும் இந்த வருசம் முடியேல்லை."

"முடியிற திகதியை விடு. குடுத்த திகதியைப் பார்."

லாச்சியைத் திறந்து மனைவியின் கடவுச்சீட்டை எடுத்தேன். கொடுத்த திகதி 4 ஓகஸ்ட் 2015. முடியும் திகதி 4 ஏப்ரல் 2026. எங்கள் பயணம் 12 ஓகஸ்ட் 2025. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேச்சு வராமல் நின்றேன்.

விசயம் இதுதான். பிரித்தானியக் கடவுச்சீட்டை 2018 செப்டம்பருக்கு முன்னர் புதுப்பித்தவர்களுக்கு, பழையதில் மிச்சமிருந்த காலத்தில் 9 மாதம் வரை புதியதில் கூட்டிக் கொடுத்தார்கள். ஷெங்கன் நாடுகள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் சேர்ந்திருக்கும் ஐரோப்பிய நாடுகள், பிரான்சும் ஜேர்மனியும் அதில்) அந்தக் கூட்டலை ஏற்பதில்லை. உள்ளே போகும் நாளில் கடவுச்சீட்டு கொடுத்து 10 வருடத்துக்குள் இருக்க வேண்டும். வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் அது செல்லுபடியாக வேண்டும். நாங்கள் 8 நாளால் பிந்தியிருந்தோம். லண்டன் செயின்ட் பாங்கிராசில் ரயிலேறும் முன்பே பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள். அங்கேயே, பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அத்தானின் மகனுக்கு அதற்கு முந்திய வருடம் விமான நிலையத்தில் அதுதான் நடந்ததாம்.

அன்றிரவே இணையத்தில் விண்ணப்பித்தோம். முதல் படத்தை, முகத்தில் நிழல் விழுகிறது என்று ஏற்கவில்லை. அடுத்த நாள் காலை யன்னல் பக்கம் நிற்கவைத்து எடுத்த படம் சரிவந்தது. பதினேழாம் நாள் புதியது கதவுக்குள் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு மனைவி மாடியிலிருந்து ஓடிவந்தாள்.

இதற்கு முன், மே மாதத்திலேயே ஒரு அடி விழுந்திருந்தது. ஐரோப்பாவில் பல நாட்டு ரயில்களில் ஏறும் இன்டர்ரெயில் பாஸில் 4 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்குக் காசில்லை, ஒரு பெரியவரோடு இரண்டு பிள்ளைகள் வரை. எங்கள் மூத்தவளுக்கு 10, சின்னவனுக்கு 7. ஒரு மாதத்துக்குள் 4 நாள் பயணம் செய்யும் பாஸ் இரண்டு வாங்கினால் நான்கு பேருக்கும் போதும். ஓகஸ்டில் விமானமென்றால் நான்கு முழு ரிக்கற், அதற்கு மேலே பெட்டிக்கும் காசு. பிள்ளைகளின் இலவசப் பாஸைப் பெரியவர்களின் பாஸோடு சேர்த்தே எடுக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

ஆனால் பாஸ் மட்டும் இருந்தால், லண்டனிலிருந்து பாரிசுக்குப் போகும் யூரோஸ்டார் ரயிலில் ஏற முடியாது. பாஸ்காரர்களுக்கென்று ஒவ்வொரு ரயிலிலும் அளவான இருக்கைகள்தான் ஒதுக்குவார்கள். அவற்றைத் தனியாகக் காசு கட்டிப் பதிய வேண்டும். எனக்கு இது தெரியும். தெரியாதது, பிள்ளைகளுக்கும் பதிய வேண்டுமா என்பது. பாஸ் வாங்கிய முகவர் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, அரை மணித்தியாலம் காத்திருந்து கேட்டேன். "பிள்ளைகளின் பாஸ் இலவசம்தானே, அவர்களுக்குத் தேவையில்லை" என்றார் அந்தப் பெண். நம்பி, 11ஆம் திகதித் திங்கட்கிழமைக்கு இரண்டு இருக்கை மட்டும் பதிந்தேன். நாலு நாள் கழித்து விதிகளை முழுதாக வாசித்தபோதுதான் தெரிந்தது, பிள்ளைகளுக்கும் இருக்கை வேண்டும், அதற்கும் அதே காசு. திரும்பப் போய்ப் பார்த்தால் அந்த ரயிலில் பாஸ் இருக்கை ஒன்றுகூட இல்லை. அன்றைய மற்ற ரயில்களிலும் இல்லை.

மூன்று இரவு தேடி, நான்கு இருக்கை சேர்ந்தாற்போல் கிடைத்தது செவ்வாய்க்கிழமை விடியற்காலை ரயிலில். அதனால் இன்னொரு நட்டம். இன்டர்ரெயில் பாஸில் சொந்த நாட்டுக்குள் வெளியே போகும் நாள் ஒன்றும் திரும்பி வரும் நாள் ஒன்றும்தான் அனுமதி. ஒரே நாளில் போயிருந்தால் எங்கள் ஊரிலிருந்து லண்டன் வரைக்கும் பாஸே போதும். அந்த விடியலுக்கு எங்கள் ஊரிலிருந்து ரயில் இல்லை. முதல் நாளே பஸ்ஸுக்குக் காசு கொடுத்துப் போய், ஈஸ்ட்ஹாமில் சித்தி வீட்டில் படுத்தோம். சித்தி புட்டும் மீன் குழம்பும் தந்தார், அது வேறு கதை. மறுபடி செய்வதென்றால் இப்படித்தான் செய்வேன்: முதலில் கடவுச்சீட்டுகளின் இரண்டு திகதியும், பிறகு யூரோஸ்டாரில் பாஸ் இருக்கை எந்த நாளில் இருக்கிறது என்பது, அதன் பிறகுதான் பாஸ். தங்குமிடம் கடைசி.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாற்பொருட்களும் கொண்டுபோகக் கூடாது. மனைவி ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்யத் தொடங்கியிருந்தாள். நிற்பாட்டி மரக்கறிக்கு மாற்றினோம்.

பாரிசில் யூரோஸ்டார் வந்து நிற்பது கார் து நோர் நிலையம். ஜேர்மன் எல்லைக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துக்கு ரயில் புறப்படுவது கார் து லெஸ்ட் நிலையம். இரண்டுக்கும் இடையே 10 நிமிட நடைதான், டாக்ஸி வேண்டாம். ஆனால் போனில் இருக்கும் வரைபடத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது எங்களை ரூ தல்சாஸ் என்ற தெரு வழியாக விட்டது. அங்கே ஒரு பெரிய கல் படிக்கட்டு. நான் இரண்டு பெட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்க, சின்னவன் ஒவ்வொரு படியிலும் தன் முதுகுப் பையை வைத்து வைத்து எடுத்தான். பெட்டியோடு போகிறவர்கள் கொஞ்சம் சுற்றி மஜெந்தா வீதிப் பக்கமாகப் போங்கள்.

அதற்கு முன்பே, கார் து நோருக்குப் பின்னால் இருக்கும் லாச்சப்பலுக்குப் போயிருந்தோம். இடையில் நேரம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்து கொஞ்சத் தூரம் நடந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். கொத்துரொட்டி அடிக்கும் சத்தம் கேட்டதும் மூத்தவள் நடையை நிற்பாட்டி, "அப்பா, இது பாரிஸ்தானா?" என்று கேட்டாள்.

ஸ்ட்ராஸ்பூர்க் வரை அதிவேக ரயில், அதற்கும் இருக்கை பதிய வேண்டும். அங்கிருந்து ஒஃபன்பூர்க், ஃபிரைபூர்க், டிட்டிசே என்று சிக்கலில்லாமல் போனது. ஜேர்மனியின் உள்ளூர் ரயில்களுக்குப் பதிவு தேவையில்லை, ஏறும் முன் பாஸ் செயலியில் அந்தப் பயணத்தைச் சேர்த்தால் போதும்.

கறுப்புக் காட்டில் காசை மிச்சப்படுத்துவது கோனுஸ் அட்டை. அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் தங்குமிடத்தில் இரவு தங்கினால், அந்தப் பகுதியின் பஸ்ஸும் உள்ளூர் ரயிலும் இலவசம். எல்லாத் தங்குமிடமும் அதில் இல்லை. நான் முதலில் பார்த்த மலிவான வீடு இல்லை என்று பதில் அனுப்பியது, அதை விட்டுவிட்டேன். எடுத்த இடத்தில் அட்டை உண்டு, ஆனால் நாங்கள் இரவு ஏழரைக்குப் போனபோது வரவேற்பு மேசை மூடிக் கிடந்தது. சாவி பெட்டிக்குள் இருந்தது, அட்டை இல்லை. காலையில் 9 மணிக்குத்தான் ஆள் வந்தார். படிவம் நிரப்பி, நால்வரின் பிறந்த திகதியும் எழுதி, அட்டை கைக்கு வர பத்தரை. நல்ல வெயில் காலை வீணாய்ப் போனது. பெயர்களையும் பிறந்த திகதிகளையும் முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பி, அட்டையைச் சாவியோடு வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அதன் பிறகு அந்தக் கிழமை முழுக்க ரயிலுக்கு ஒரு சதம் கொடுக்கவில்லை. ட்ரிபெர்க் நீர்வீழ்ச்சி, 1,493 மீற்றர் ஃபெல்ட்பெர்க் உச்சி எல்லாம் அட்டையிலேயே. பாஸில் மிச்சமிருந்த நாட்களில் ஒன்றை சுவிசில் ரைன் நீர்வீழ்ச்சிக்குச் செலவழித்தோம். எங்களுக்கு மிகவும் பிடித்தது ஹின்டர்சார்ட்டனிலிருந்து ரவென்னா பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதை. ஓடைக்கு மேல் சின்னச் சின்ன மரப்பாலங்கள், ஈரப் பாறை, கடைசியில் தலைக்கு மேலே 1927இல் கட்டிய கல் பாலம். சின்னவன் அதன் கீழே உட்கார்ந்து, ரயில் மூன்று போகும் வரை எழும்ப மாட்டேன் என்றான். இருந்தோம். எங்கள் ஊரில் கடைக்கு நடக்கவே கால் நோகுதென்று அழுகிறவன், அன்றைக்கு ஒரு தடவைகூடத் தூக்கச் சொல்லவில்லை.

இனிப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 2025 ஒக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் முகப்படமும், 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கைரேகையும் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ரயிலுக்கு வழக்கத்தைவிட முந்திப் போங்கள். பிள்ளைகளின் கடவுச்சீட்டு 5 வருடம்தான் என்பதும் நினைவிருக்கட்டும். நால்வரின் கொடுத்த திகதியையும் முடியும் திகதியையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அதில் முதலில் முடிவது சின்னவனுடையது, 2026 பெப்ரவரி.