குறுகிய வாசகத்தில் விடுபட்ட குடம்

கத்தோலிக்கக் கோவில்களில் இது மத்தேயு நற்செய்தியை வாசிக்கும் ஆண்டு. ஆனாலும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் நடுவில் மூன்று ஞாயிறுகளுக்கு மத்தேயு ஒதுங்கிக்கொள்கிறார், யோவான் வந்துவிடுகிறார். மூன்றாம் ஞாயிறு சமாரியப் பெண், நான்காம் ஞாயிறு பிறவியிலேயே பார்வையற்றவர், ஐந்தாம் ஞாயிறு இறந்து உயிர்பெற்ற லாசர். உயிர்ப்பு விழாவில் திருமுழுக்குப் பெற இருப்பவர்களைத் தயாரிக்க, பழைய ரோமைத் திருச்சபை கையாண்ட பகுதிகள் இவை. மூன்றும் நெடியவை, நற்செய்தியை நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும். அதனால் வாசக நூலில் மூன்றுக்கும் 'குறுகிய வாசகம்' என்று ஒரு மாற்று இருக்கிறது.

எங்கள் பங்குக் கோவிலில் குறுகிய வாசகம்தான். குருவானவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மார்ச் மாதத்துத் தூத்துக்குடி வெயில், நிற்க முடியாத முதியவர்கள், இடுப்பில் நெளியும் குழந்தைகள், முதல் பூசை முடிந்து மக்கள் வெளியேறும் முன்பே வாசலில் வண்டியோடு காத்திருக்கும் இரண்டாம் பூசைக் கூட்டம். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் குறுகியதைத்தான் எடுப்பேன். ஆனால் எதை விட்டுவிட்டு வாசிக்கிறோம் என்பது இத்தனை வயதுக்குப் பிறகு இந்த ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுவான அன்பியத்தில், அடுத்த ஞாயிறின் நற்செய்தியை வாரம் ஒரு மாலை முழுமையாக வாசிப்பது என்று, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று முடிவானது. எந்த நாள் என்பதில்தான் இழுபறி. செவ்வாய் அந்தோனியாருக்கு, புதன் சகாய மாதா நவநாளுக்கு, வெள்ளி சிலுவைப்பாதைக்கு என்று புனிதர்கள் ஏற்கெனவே முன்பதிவு செய்துவிட்டார்கள். மிஞ்சியது வியாழன். வாரம் ஒரு வீடு. தவக்காலம் என்பதால் சுக்குக் காபி மட்டும், பலகாரம் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. அவித்த பாசிப்பயறு பலகாரத்தில் சேராது என்று அடுத்த வாரமே ஒரு தீர்ப்பு வந்தது.

வரமாட்டேன் என்றவர்களும் உண்டு. கூடி உட்கார்ந்து வேதம் வாசிப்பது கத்தோலிக்கர்களான ஆர்.சி.க்காரர்கள் வழக்கமா, அது சி.எஸ்.ஐ., பெந்தகோஸ்தேக்காரர்கள் செய்வதல்லவா என்று ஒரு பெரியவர் கேட்டார். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் வீடுகளில் திருவிவிலியம் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை கழற்றப்படாமல் இருக்கும். மறைநூல் எல்லா விசுவாசிகள் கைக்கும் எளிதில் எட்ட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது 1965இல். நாம் இன்று கோவிலில் கேட்கும் பொது மொழிபெயர்ப்பு வந்தது 1995இல். எங்கள் அலமாரிகள் இன்னும் அந்தச் செய்தியைக் கேள்விப்படவில்லை.

ஆனாலும் வழக்கமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட், நம் முன்னோர் ஆசீர்வாதப்பர் என்று அழைத்தவர், தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 48ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் நூலகத்திலிருந்து ஒரு நூலைப் பெற்று, முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக வாசிக்க வேண்டும் என்கிறார். அதோடு விடவில்லை. வாசிக்கிற நேரத்தில் எவராவது சோம்பி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறாரா என்று பார்க்க, மூத்தவர்கள் ஓரிருவர் மடத்தைச் சுற்றி வர வேண்டுமாம். மனிதரை அறிந்தவர். எங்கள் கூட்டத்துக்கும் அப்படி இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். என் ஆச்சிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் தவக்கால இரவுகளில் பக்கத்து வீட்டுத் தாத்தா வியாகுலப் பிரசங்கத்தை ராகம் போட்டு வாசிக்க, முற்றத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே ஆண்டவருடைய பாடுகளை வரிவரியாகச் சொல்லுவாள். கோவாவில் பிறந்து, இலங்கையில் உழைத்து, 1742இல் அங்கேயே மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதியது அது. கூடி உட்கார்ந்து வாசிப்பது வேறு என்னவாம்? கேட்ட பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் வரவில்லை, அவர் வீட்டம்மாவை அனுப்பினார்.

முறை ஒன்றும் புதிதல்ல. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி அன்பியங்களுக்கு வந்து சேர்ந்த ஏழு படிகள்தான். ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனத்தில் தைத்த சொல்லை மட்டும் உரக்கச் சொல்வது, மௌனம், பகிர்வு, செய்ய வேண்டிய காரியம், செபம். பகிர்வின்போது யாரும் பிரசங்கம் செய்யக் கூடாது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தக் கூடாது. எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். விளக்கவுரை நூல் ஒன்றைப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுக் கொண்டுவருவார். அந்த நூலை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவருக்கு இந்த ஆண்டின் உண்மையான நோன்பு. உண்ணா நோன்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சமாரியப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். யோவான் 4ஆம் அதிகாரம், கிணற்றடியில் இயேசு அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பேச்சைத் தொடங்கும் இடம். குறுகிய வாசகத்தில் இரண்டு துண்டுகள் போய்விடுகின்றன. ஒன்று, அவளுடைய ஐந்து கணவர்கள் பற்றிய பேச்சு. மற்றது, சீடர்கள் திரும்பி வந்ததும் அவள் குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடும் பகுதி. இதற்குப் பூசையில் குருவானவர்கள் சொல்லும் வழக்கமான மறையுரை எல்லோருக்கும் மனப்பாடம். உச்சி வெயிலில் அவள் ஏன் வந்தாள்? ஊர்ப் பெண்கள் கண்ணில் படாமல் இருக்க. குடத்தை ஏன் விட்டாள்? பழைய வாழ்க்கையை விட்டுவிட்டாள் என்பதற்கு அடையாளம்.

அன்று வாசிப்பு நடந்தது மீன் விற்கும் அக்கா ஒருவரின் வீட்டில். அதிகாலையில் ஏலம் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, உள்ளூர்க் கிராமங்களில் விற்றுவிட்டு மதியம் கடந்து திரும்புகிறவர். வாசிப்பு முடிந்து மௌனமும் முடிந்தது. அக்கா சொன்னார்: “நானும்தான் மத்தியானம் தண்ணீர் எடுக்கிறேன். நான் யாருக்குப் பயந்து எடுக்கிறேன்? வேலை முடிகிற நேரம் அதுதானே.”

தலைமையாசிரியரின் கை நூலைத் தேடிப் போயிற்று. அவர் மனைவி அந்தக் கையை ஒரு பார்வையால் நிறுத்தினார்.

அக்கா விடவில்லை. குடத்தை ஒன்றும் அவள் துறந்துவிடவில்லை, குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் போனால் என்ன பொருள், திரும்பி வருவேன், இது என் இடம் என்றுதானே என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். தண்ணீர் வரிசையில் நின்று பழகாத ஆண்கள் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அக்கா இன்னொன்று சொன்னார். “அவர்தானே முதலில் தண்ணீர் கேட்டார்? குடித்தார் என்று எங்கே எழுதியிருக்கிறது? பேச்சு வளர்ந்துகொண்டே போகிறது, அந்த மனிதருக்கு இன்னும் தாகம் தீரவில்லை. குடமாவது அங்கே இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருப்பாள்.”

அதிகாரத்தைத் திரும்ப வாசித்துப் பார்த்தோம். உண்மைதான். இயேசு தண்ணீர் குடித்ததாக அதில் எங்கும் இல்லை. எத்தனை மறையுரைகள் கேட்டிருப்பேன், இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஞாயிறு மார்ச் 8, பெண்கள் தினம். கோவிலில் பெண்களுக்கு வாழ்த்துச் சொல்லி, ஒரு ரோஜாப்பூவும் கொடுத்தார்கள். வாசகம் குறுகியதுதான், குடம் வரவேயில்லை.

அடுத்த வாரம் 9ஆம் அதிகாரம். இயேசுவால் பார்வை பெற்றவரின் பெற்றோரைப் பரிசேயர்கள் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். அவர்கள் பயந்துபோய், எங்கள் மகன்தான், பிறவிக் குருடன்தான், எப்படிப் பார்வை வந்தது என்று எங்களுக்குத் தெரியாது, அவன் வயது வந்தவன், அவனிடமே கேளுங்கள் என்று கழன்றுகொள்கிறார்கள். குறுகிய வாசகத்தில் பெற்றோரே கிடையாது. நாங்கள் வாசித்தபோது, மகன் வேறு மதத்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட ஓர் அம்மா அங்கே இருந்தார். சொந்தக்காரர்கள் விசாரிக்க வந்தபோது இதே வார்த்தைகளைத்தான் சொன்னேன், பிள்ளை பக்கம் ஒரு வார்த்தை நான் பேசவில்லை என்றார். பகிர்வில் யாரும் ஆறுதல்கூடச் சொல்லக் கூடாது என்ற விதி அன்று எனக்குக் கொடுமையாகத் தெரிந்தது. ஆனால் விதி நல்லது. ஆறுதல் சொல்லியிருந்தால் அவர் அதோடு நிறுத்தியிருப்பார். கொஞ்சம் கழித்து, இந்தப் பெற்றோர் பிறகு மகனோடு பேசினார்களா என்று கேட்டார். யோவான் அதைச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் கூட, நூலில் அதற்கு விளக்கம் இல்லை என்று தாமாகவே சொன்னார்.

லாசர் கதையில் போனது இயேசுவின் சீடர் தோமாவின் ஒரு வரி. யூதேயாவுக்குப் போனால் கல்லால் எறிவார்கள் என்று சீடர்கள் தயங்கும்போது, நாமும் போவோம், அவரோடு சாவோம் என்கிறவர் அவர்தான். மயிலாப்பூரில் கல்லறை வைத்து வணங்குகிற நாமே அவரைச் சந்தேகத் தோமா என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

வருகிற வியாழன் எங்கள் வீட்டில். குருத்தோலை ஞாயிற்றுக்கான பாடுகள், மத்தேயு 26ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்திலிருந்து 27ஆம் அதிகாரம் முடிய. இதன் குறுகிய வாசகம் பிலாத்து முன் விசாரணையில்தான் தொடங்குகிறது. கடைசி இரவு உணவு இல்லை, கெத்சமனி இல்லை, பேதுருவின் மறுதலிப்பும் இல்லை. கடற்கரை ஊரில் பேதுருவை விடுவதா என்று அக்காவின் கணவர் குதித்தார், அவருக்குப் பேதுருவின் பழைய தமிழ்ப் பெயரான இராயப்பன் என்று பெயர் வைக்க இருந்தார்களாம். ஆளுக்கொரு பங்கு பிரித்தாகிவிட்டது. பேதுரு அவருக்கு. பிலாத்துவின் மனைவி என் மனைவி. யூதாசை யாரும் ஏற்கவில்லை, கடைசியில் தலைமையாசிரியர் வாங்கிக்கொண்டார். நிறைய வசனம் இருக்கும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மாலை ஆறரைக்குத் தொடங்குகிறோம், நாற்காலி பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பயறு நான்தான் அவிக்க வேண்டுமாம்.