நாசரேத்தில் கழிந்த ஆண்டுகள்

கடவுள் மனிதரானார் என்று அறிக்கையிடுகிற நாம், அந்த நம்பிக்கையின் பாரம் முழுவதையும் கிறிஸ்து பிறப்பு இரவின் மேல் ஏற்றிவிடுகிறோம். மாட்டுக்கொட்டிலைவிட்டுப் புறப்படும் மறையுரைகள் ஒரே தாவலில் இயேசு திருமுழுக்குப் பெற்ற யோர்தான் ஆற்றங்கரைக்குப் போய்விடுகின்றன. பணியைத் தொடங்கியபோது இயேசுவுக்கு ஏறத்தாழ முப்பது வயது என்று லூக்கா எழுதுகிறார். இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி நாசரேத்து என்னும் சிற்றூரில், கைவேலையில் கழிந்தது. "இவர் தச்சர் அல்லவா!" என்று ஊரார் இளக்காரமாகக் கேட்டதை மாற்கு பதிவு செய்திருக்கிறார், மத்தேயுவில் அது 'தச்சரின் மகன்' என்று மாறிவிடுகிறது.

இந்த ஆண்டுகளை வெறும் காத்திருப்பாக எண்ண எனக்கு மனம் வருவதில்லை. 4ஆம் நூற்றாண்டில் அப்பொலினார் என்ற ஆயர், இயேசுவின் உடல் மனித உடல்தான், ஆனால் மனித அறிவு இருக்க வேண்டிய இடத்தில் இறைவார்த்தையே, அதாவது இறைமகனின் இறையியல்பே, இருந்தது என்று போதித்தார். அதை மறுத்த நாசியான்சு கிரகோரியார், கடவுள் எதைத் தமதாக்கிக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவும் இல்லை என்று எழுதினார். 451இல் திருச்சபையின் ஆயர்கள் கூடிய கால்செதோன் பொதுச்சங்கம் இயேசுவை முழுமையான கடவுளும் முழுமையான மனிதரும் என அறிக்கையிட்டது. முழுமையான மனிதர் என்றால், தொழிலைப் பார்த்துப் பழகிக் கற்றவர், மாலையில் முதுகு வலிக்க வீடு திரும்பியவர் என்பதும் அதில் அடங்கும்.

இங்கே மலேசியாவின் பாகான் செராயில் எங்கள் முந்தைய தலைமுறையினர் விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் இருட்டோடு ரப்பர் மரம் சீவியவர்கள். ஒட்டுப்பால் நாற்றம் போகக் குளித்து, வெள்ளை உடுத்தி, செபமாலையைக் கையில் எடுத்த பிறகுதான் கடவுளின் நேரம் தொடங்குகிறது என்று அவர்கள் நம்பினார்கள். நாங்களும் அதையே கற்றோம். நாசரேத்து அதற்கு உடன்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. புனித சார்லஸ் தெ ஃபூக்கோ இதை உணர்ந்தவர். பிரெஞ்சுப் படை அதிகாரியாக இருந்த அவர், 1897இல் நாசரேத்துக்கே சென்று, கிளாரா கன்னியர் மடத்தில் எடுபிடி வேலை செய்து வாழ்ந்தார்.

19ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கத்தோலிக்கர் குடியேறிய எங்கள் சூசைப்பாளையம், நற்செய்தி நூல்களில் ஒரு சொல்கூடப் பேசாத தச்சர் சூசையப்பரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. மே 1ஆம் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாகத் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955இல் அறிவித்தார். (அன்று விடுமுறை என்பது நினைவிருக்கிற அளவுக்கு விழா நினைவில் இருப்பதில்லை.)

உழைப்பு புனிதமானது என்ற பேச்சு, குறைந்த கூலிக்குத் தலையாட்ட வைக்கும் தந்திரமாகவும் ஆகிவிடலாம். தோட்டத்துத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டவரின் சகோதரர் என மரபு கூறும் யாக்கோபு, வயலில் அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று எழுதியிருக்கிறார். பால்மரங்கள் இருந்த பல நிலங்களில் இன்று செம்பனை எனும் எண்ணெய்ப்பனை நிற்கிறது. குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் கோவிலுக்கு வருகிறவர்கள் அல்லர். அதனால் அவர்களுடைய கூலி நம் செபத்துக்கு அப்பாற்பட்ட விஷயம் என்று சொல்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.