மூலவர் தெரியாத கோயிலில் ஒரு மணியோசை

ஜப்பானின் பிவா ஏரிக்கரையில், ஓட்சு நகரத்து மலைச்சரிவில் இருக்கிறது மீதேரா என்னும் பௌத்தக் கோயில். மூலவர், இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயர். 1599இல் எழுந்த பெரிய மண்டபத்துக்குள் வீற்றிருக்கிறார். ஆனால் யாருக்கும் அவரைக் காட்டுவதில்லை. திரை விலகும் திருநாள் என்று ஒன்றே கிடையாது! தீபாராதனை வெளிச்சத்தில் சுவாமி முகத்தைக் கண்டால்தான் கோயிலுக்குப் போன திருப்தி என்று வளர்ந்த எனக்கு இது பெரிய ஏமாற்றமாகத்தான் இருந்திருக்க வேண்டும். மணி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

1602இல் வார்த்த வெண்கல மணி அது. உள்ளே நாக்கு இல்லை. வெளியே கிடையாகத் தொங்கும் மரக்கட்டையைக் கயிற்றைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்து மோதவிட வேண்டும். காணிக்கை செலுத்தினால் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். வழிபாட்டுக்கு முன்பே அடித்துவிட வேண்டும். திரும்பிப் போகிறபோது அடிப்பது ஆகாது என்பது அங்குள்ள வழக்கம்.

அடித்தேன். மோதிய சத்தம் உடனே போய்விட்டது. அதற்குப் பின்னால் வந்ததுதான் ஓசை: அடிவயிற்றில் அதிர்ந்து, தேய்ந்து, முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடி எழுந்து, மெல்ல மெல்ல மலைக்குள் போனது. தேவர்கள் வரவும் அரக்கர்கள் விலகவும் மணி அடிப்பதாக நம் பூஜை மந்திரம் சொல்லும். இங்கே யாரையும் அழைத்ததாகத் தோன்றவில்லை. ஓசை அடங்கும்வரை கைகூப்பி நின்றதே வழிபாடாகிவிட்டது.

இதற்கு மூத்த மணி ஒன்று தனி மண்டபத்தில் ஓய்வெடுக்கிறது. எதிரி மடம் இருந்த ஹியே மலைக்கு அதைப் பென்கேய் என்ற முரட்டுத் துறவி இழுத்துப் போனானாம். அங்கே அடித்தபோது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று மணி அழுததாம். எரிச்சலில் பள்ளத்தாக்கில் உருட்டிவிட்டான். கதையை நம்பாதவர்கள்கூட, அதன் உடம்பெல்லாம் ஓடும் கீறல்களைப் பார்த்தால் சற்றுத் தயங்குவார்கள்.

பிறகு மேலே ஏறினால், ஜப்பானியர் கன்னோன் என்றழைக்கும் கருணை வடிவான அவலோகிதேசுவரரின் சந்நிதி. அவருடைய 33 தலங்களைச் சுற்றும் யாத்திரையில் இது 14ஆவது. அங்கும் திருவுருவம் மறைவில்தான். மூடிய கதவைப் பார்த்தபடி முதியவர்கள் சிலர் சூத்திரம் ஓதிக்கொண்டிருந்தார்கள். சொல் புரியாவிட்டாலும் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன்.