சீட் மெத்தென்று இருந்தால் போதுமா?

நீண்ட தூரம் சைக்கிள் மிதித்துப் பின்பக்கம் வலித்தால், பெரும்பாலோர் முதலில் செய்வது தடியான ஜெல் சீட் ஒன்றை வாங்கி மாட்டுவது. கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும்போது அது சுகமாகத்தான் இருக்கும். முதல் பத்து கிலோமீட்டரும் சுகமாகவே போகும். நாற்பதைத் தாண்டும்போதுதான் அதன் குணம் தெரியும்.

கட்டாந்தரையில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் அசைந்தால் இரண்டு எலும்பு முனைகள் குத்துமே, சைக்கிளில் நம் எடையைத் தாங்க வேண்டியவை அவைதான். ஓரளவு கெட்டியான சீட்டில் எடை அவற்றின் மேல் நிற்கும். மெத்து மிஞ்சினால் இரண்டும் உள்ளே புதைந்துபோகும். பிதுங்கிய மெத்து நடுவில் மேலெழுந்து, நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகிற இடத்தை அழுத்தும். மரத்துப்போவது இதனால்தான்.

அதனால் புதுச் சீட்டுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், வலி எங்கே என்று பாருங்கள். அந்த இரண்டு எலும்புக்கு நேர் கீழே, அடிபட்டதுபோல் வலிக்கிறதா? புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும், பல மாதம் விட்டுவிட்டு ஓட்டுகிறவர்களுக்கும் இது இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். நடுவில் மரத்துப்போனால் சீட்டின் மூக்கு தூக்கியிருக்கலாம், அல்லது அகலம் பற்றாமல் எலும்புகள் இரு பக்கமும் வழுக்கி, எடை நடுவில் விழலாம். தொடை இடுக்கில் தோல் வழன்றால் சீட் அகலமாகவோ உயரமாகவோ இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறதென்றால், பின்னால் நின்று சீட்டின் மூக்கும் ஃபிரேமின் மேல் குழாயும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை நேராக இருந்தும் வலி தொடர்ந்தால்தான் கால் நீள வித்தியாசம் போன்றவற்றை யோசிக்க வேண்டும்.

அகலத்தை வீட்டிலேயே அளக்கலாம். நெளி அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, மெத்தையில்லாத ஸ்டூல் மேல் போடுங்கள். மெல்லிய துணி உடுத்தி அதன் மேல் உட்கார்ந்து, சைக்கிளில் குனிகிற அளவுக்கு முன்னால் குனிந்து, குதிகால்களைத் தூக்கி அரை நிமிடம் அப்படியே இருங்கள். நடுவில் நகரக் கூடாது. எழுந்து அட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். சரியாகத் தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள். பள்ளத்தில் மட்டும் ஒட்டாது. ஒரு பள்ளத்தின் மையத்திலிருந்து மற்றதன் மையத்துக்கு அளந்தால், பெரும்பாலோருக்கு 100 முதல் 150 மி.மீ.க்குள் வரும். அதோடு 20 முதல் 30 மி.மீ. கூட்டினால் உங்களுக்கான சீட் அகலம். நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும் வேண்டும். நன்றாகக் குனிந்து ஓட்டுகிறவருக்குக் குறைவே போதும். உடம்பு பருமனுக்கும் இந்த அளவுக்கும் பெரிய சம்பந்தமில்லை. ஒல்லியானவருக்கு 155 மி.மீ. சீட் பொருந்துவது சாதாரண விஷயம்.

அகலம் சரியென்றால் அடுத்தது உயரம். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே இறுக வைத்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. வரும். கிராங்க் (பெடல்கள் மாட்டிய கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை, சீட் குழாய் போகிற திசையிலேயே அளந்து அந்த உயரத்தில் வையுங்கள். இது தொடக்கம் மட்டுமே. பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் அதிக உயரத்தில் இருக்கிறது, 3 மி.மீ. இறக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அந்த ஆட்டம்தான் உரசலாகி, உரசல் கொப்புளமாகிறது.

சாய்வுதான் பலருக்கும் பிடிபடாத இடம். சைக்கிளைச் சமதரையில் நிறுத்தி, சீட் மேல் ஒரு தட்டையான அட்டையை வைத்து, அதன் மேல் ரசமட்டத்தையோ மட்டம் காட்டும் செயலியுள்ள கைபேசியையோ வையுங்கள். வால் தூக்கிய வடிவமாக இருந்தால் நடுப்பகுதியை மட்டும் கணக்கில் எடுங்கள். மட்டத்திலிருந்து தொடங்கி, மரத்துப்போனால் மூக்கை ஒரு டிகிரி இறக்குங்கள். 27 செ.மீ. நீளச் சீட்டில் அது வெறும் 5 மி.மீ. வித்தியாசம், ஆனால் உடம்புக்கு நன்றாகவே தெரியும். மூன்று டிகிரிக்கு மேல் போனால் உடல் முன்னால் வழுக்க ஆரம்பிக்கும், அதைத் தடுத்துத் தடுத்து உள்ளங்கையும் தோளும் வலிக்கும். கை வலிக்குக் கையுறை வாங்குகிறவர்கள் சீட்டையும் ஒருமுறை பார்க்கலாம்.

முன்னும் பின்னும் இரண்டு போல்ட் உள்ள சீட் போஸ்டில் (சீட்டைத் தாங்கும் குழாய்) பின் போல்டைக் கால் சுற்று தளர்த்தி, முன் போல்டை அதே அளவு இறுக்கினால் மூக்கு இறங்கும். பக்கவாட்டு நட்டுள்ள பழைய கிளாம்பில் பல்லுக்குப் பல்தான் நகரும். இறுக்கம் பற்றாமல் ஓட்டினால் அந்தப் பற்கள் தேய்ந்து, எவ்வளவு முறுக்கினாலும் சீட் தலையாட்டும். அப்போது மாற்ற வேண்டியது கிளாம்பை மட்டும், சீட்டை அல்ல.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பழைய இடத்தைச் சீட் போஸ்டில் இன்சுலேஷன் டேப் சுற்றிக் குறித்து வையுங்கள். புதுச் சீட் மாட்டினால் உயரத்தைத் திரும்ப அளக்க வேண்டும். சீட்டின் அடிக் கம்பியிலிருந்து மேல்பரப்பு வரையான உயரம் சீட்டுக்குச் சீட் மாறும். முன்பின் இடத்தை மூக்கு நுனியிலிருந்து அளக்காதீர்கள். சீட் 80 மி.மீ. அகலமாகும் இடத்தைப் பழையது, புதியது இரண்டிலும் குறித்து, அதை ஒப்பிடுங்கள்.

பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. அதன் தையல்தான் தோலை அறுக்கும். ஒவ்வொரு முறையும் துவைத்தே போடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடல் மேல் எழுந்து நில்லுங்கள். குலுக்கல் அதிகமென்றால் டயர் காற்றையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்சக் காற்றழுத்தம் வரம்புதான். அதுவரை அடித்தே ஆக வேண்டுமென்பதில்லை. இறங்கிய பிறகும் மரப்பு போகாமல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

தோல் சீட் தனி ரகம். அதில் மெத்தே கிடையாது. முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய தோல், சில நூறு கிலோமீட்டரில் உங்கள் எலும்புக்கேற்பக் குழிந்துகொள்ளும். நனைந்த தோல் மேல் உட்கார்ந்து ஓட்டினால் தொய்ந்துவிடும், வெயிலில் காயவைத்தால் வெடிக்கும்.

பல வருடம் தொந்தரவு தராத சீட் திடீரென்று வலி கொடுக்க ஆரம்பித்தால், குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அமுங்கியிருக்கலாம், அடியில் கம்பி வளைந்திருக்கலாம். இரண்டும் சரியாக இருந்தால் ஷார்ட்ஸின் பேடை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எங்கே நைந்திருக்கிறதென்று தெரியும்.